தேதியைச் சொல்லாமல் பீரைச் சொல்லாதீர்கள்

நல்ல ஐபிஏ (இந்தியா பேல் ஏல்) எது, கிராஃப்ட் பீரில் எதையெல்லாம் குடித்துப் பார்க்கலாம் என்று கேட்பவர்களுக்குப் பெயர்ப் பட்டியல் எழுதித் தரும் நண்பர்களுக்கு,

பெங்களூரில் வேலை பார்ப்பவர்கள், அமெரிக்காவிலோ லண்டனிலோ சில காலம் இருந்து திரும்பியவர்கள், பத்திரிகையில் உணவும் பானமும் பற்றி எழுதுகிறவர்கள், நண்பர் வட்டத்தில் ‘பீர் பத்தி இவன்கிட்ட கேளு’ என்று பெயர் வாங்கியவர்கள் என உங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் சொல்லும் சொல்லுக்கு மதிப்பு இருக்கிறது. உங்கள் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகிறார்கள். சாதாரண லேகரைப் போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு விலை கொடுத்து வாங்குகிறார்கள். வெளிநாடு போகும் உறவினரிடம் பெட்டியில் இரண்டு கேன் கொண்டுவரச் சொல்லிக் கெஞ்சுகிறார்கள். இவ்வளவு நம்பி வருகிறவர்களுக்கு நீங்கள் தரும் பட்டியலில் பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது, ஆல்கஹால் அளவுகூடச் சில சமயம் இருக்கிறது. அந்த பீரை எத்தனை வாரத்துக்குள் குடிக்க வேண்டும், அதுவரை எந்தக் குளிரில் வைத்திருக்க வேண்டும் என்பது மட்டும் இல்லை. ஐபிஏவைப் பொறுத்தவரை அது இல்லாத சிபாரிசு பாதி சிபாரிசுகூட இல்லை என்பது என் வாதம். பதநீர் விற்பவரிடம் எந்தத் தோப்பு என்று கேட்பதற்கு முன்னால் எப்போது இறக்கியது என்று கேட்கிற ஊர் நம்முடையது. அந்தக் கேள்வியை ஏன் ஐபிஏவிடம் மட்டும் கேட்காமல் விட்டோம்?

ஐபிஏவில் காசு கொடுத்து வாங்குவது ஹாப்ஸ் என்ற கொடிப்பூவின் மணத்தை. கசப்பும் அதே ஹாப்ஸிலிருந்துதான் வருகிறது, ஆனால் வேறு வழியில் வருகிறது. கொதிக்கும் மால்ட் வடிநீரில் ஹாப்ஸைப் போட்டால் அதிலுள்ள ஆல்ஃபா அமிலங்கள் உருமாறிக் கசப்பாகக் கரைகின்றன. அந்தக் கசப்பு பல மாதம் ஓரளவு தாக்குப்பிடிக்கும். மணம் தாக்குப்பிடிக்காது. மிர்சீன், லினலூல், ஜெரானியால் போன்ற எண்ணெய்ப் பொருள்கள் கொதியிலேயே பெரும்பாலும் ஆவியாகிவிடுவதால், நொதித்தல் முடியும் தறுவாயிலோ முடிந்த பிறகோ தொட்டியில் மறுபடியும் ஹாப்ஸைக் கொட்டி ஊறவைக்கிறார்கள். டிரை ஹாப்பிங் என்று இதற்குப் பெயர். காஸ்கேடில் வரும் பம்பளிமாஸ் தோல் வாசம், சிட்ராவின் எலுமிச்சையும் மாம்பழமும், சிம்கோவின் பைன் பிசின், நியூசிலாந்தின் நெல்சன் சாவினில் தெரியும் வெள்ளைத் திராட்சை எல்லாம் பெரும்பகுதி இப்படி ஊறி இறங்கியவை. இவை பீருக்குள் வந்து சேர்ந்த நாளிலிருந்தே விலகத் தொடங்குகின்றன. கேனில் அடைக்கும்போது உள்ளே மாட்டிக்கொண்ட கொஞ்சம் ஆக்ஸிஜன் போதும். பாட்டிலாக இருந்தால் மூடியின் உட்புறப் பூச்சே மிர்சீனை உறிஞ்சிக்கொள்ளும். இதன் விளைவைக் கண்ணாலேயே பார்க்கலாம். புதிதாக அடைத்த நியூ இங்கிலாந்து பாணி ஐபிஏவை ஊற்றினால் வெளிர் மஞ்சளாக, மறுபக்கம் தெரியாத மங்கலோடு, மேலே வெள்ளை நுரையோடு நிற்கும். ஒரு கை தூரத்தில் வைத்தாலே பழ வாசம் வரும். அதே கேன் குளிர்ச்சி இல்லாமல் சில மாதம் கிடந்தபின் ஊற்றினால் நிறம் அழுக்குப் பழுப்பாகிவிட்டிருக்கும். மூக்கைக் குவளைக்குள் கொண்டுபோனாலும் பழம் இருக்காது, நனைந்த அட்டைப்பெட்டி வாசமும் பழைய தேனின் தித்திப்பும்தான் இருக்கும். கசப்பு மட்டும் துணை யாருமில்லாமல் அடிநாக்கில் நிற்கும்.

உங்கள் பட்டியலை நம்பிப் போனவர் குடிப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது குவளையைத்தான். குடித்துவிட்டு அவர் என்ன முடிவுக்கு வருகிறார் என்று யோசித்துப் பாருங்கள். இந்த கேன் பழசு என்று நினைக்க அவருக்கு வழியில்லை, ஏனென்றால் புதிய ஐபிஏ எப்படி இருக்கும் என்றே அவருக்குத் தெரியாது. ஐபிஏ என்றாலே வெறும் கசப்பு, இதைப் புகழ்கிறவர்கள் பந்தாவுக்குப் புகழ்கிறார்கள் என்று முடிவு செய்கிறார். இன்னும் சிலர் தம் நாக்கைத்தான் குறை சொல்லிக்கொள்கிறார்கள், நமக்கு இதையெல்லாம் ரசிக்கத் தெரியவில்லை என்று ஒதுங்கிவிடுகிறார்கள். எனக்கு உண்மையில் வலிப்பது இந்த இரண்டாவது வகையினருக்காக. ஒருவர் ஆசையோடு ஒரு புது ருசியைத் தேடி வருகிறார். கெட்டுப்போன ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டு, பிடிக்காததற்குக் காரணம் அவரே என்று நம்ப வைக்கிறோம். மதுக்கடைக்காரர் இதைச் செய்தால் ஏமாற்று என்போம். சிபாரிசு செய்தவருக்கும் அதில் பங்கு உண்டு.

வெப்பத்தின் கணக்கு நமக்கு இன்னும் கடுமையானது. பீர்த் தொழிலில் மூன்று, முப்பது, முந்நூறு என்று ஒரு கைக்கணக்கு புழங்குகிறது. சுமார் 32 டிகிரி செல்சியஸில் 3 நாள், 22 டிகிரியில் 30 நாள், 3 டிகிரியில் 300 நாள், இந்த மூன்றிலும் பீர் ஏறத்தாழ ஒரே அளவு பழசாகிறது என்பதுதான் அது. ஆய்வுக்கூடத் துல்லியத்தை இதில் எதிர்பார்க்க வேண்டாம், பீருக்கு பீர் மாறும். திசை மட்டும் சரி: வெப்பம் ஏற ஏறப் பழசாகும் வேகம் பல மடங்கு கூடுகிறது. கலிஃபோர்னியாவில் குளிரூட்டிய லாரியில் போய்க் குளிரூட்டிய அலமாரியில் உட்காரும் கேனுக்கும், கப்பல் கன்டெய்னரில் பூமத்திய ரேகைப் பக்கம் பல வாரம் வெந்து, சென்னை மே மாத வெயிலில் கிடங்கில் நின்று, கடைசி இரண்டு மணி நேரம் மட்டும் குளிர்பெட்டிக்குள் போகும் கேனுக்கும் ஒரே லேபிள்தான். கையில் எடுக்கும்போது இரண்டும் ஒரே குளிர்ச்சியாக இருக்கும். உள்ளே இருப்பது இரண்டு வேறு பானங்கள். இதில் வெளிச்சத்தின் சேதம் தனி. ஒளி பட்டால் பீரிலுள்ள ரிபோஃபிளேவின் அந்தச் சக்தியை வாங்கிக் கசப்புப் பொருள்களை உடைக்கிறது, அதிலிருந்து பிறக்கும் கந்தகச் சேர்மத்தின் நாற்றத்தை மனித மூக்கு நம்ப முடியாத அளவு சிறிய துளியிலேயே கண்டுபிடித்துவிடும். பழுப்புக் கண்ணாடி இதைப் பெரிதும் தடுக்கும். பச்சைக் கண்ணாடியும் வெள்ளைக் கண்ணாடியும் தடுக்காது. ஜன்னலோரம் அழகுக்கு அடுக்கிய பாட்டில்களை வாங்காதீர்கள் என்று ஒரு வரி உங்கள் பட்டியலில் இருந்திருந்தால் எத்தனை பேருக்குப் பயன்பட்டிருக்கும்!

இதெல்லாம் வெளியிலிருந்து குறை சொல்கிறவனின் அளவுமீறிய கவலை என்று தோன்றினால், நீங்கள் அடிக்கடி சொல்லும் பெயர்களையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் டபுள் ஐபிஏ என்றால் முதலில் வாயில் வருவது ரஷ்யன் ரிவரின் பிளைனி தி எல்டர். குளிரிலேயே வையுங்கள், புதிதாகவே குடியுங்கள், பத்திரப்படுத்தி வைக்காதீர்கள் என்று அந்த லேபிளே ஓரம் முழுக்கச் சொல்கிறது. பீரைக் காய்ச்சியவர் லேபிளில் எழுதியதைப் பட்டியல் போடுகிறவர்கள் ஏன் விட்டுவிடுகிறீர்கள்? ஸ்டோன் ப்ரூயிங் 2012இல் ‘என்ஜாய் பை’ என்று ஒரு ஐபிஏவைக் கொண்டுவந்தது. எந்தத் தேதிக்குள் குடிக்க வேண்டுமோ அந்தத் தேதியையே பீரின் பெயராக்கி, லேபிளில் பெரிய எழுத்தில் போட்டார்கள். அடைத்த நாளிலிருந்து ஐந்து வாரத்தை ஒட்டித்தான் அந்தக் கெடு. வெர்மான்ட்டின் ஆல்கெமிஸ்ட் தன் ஹெடி டாப்பரை வெகு காலம் சுற்றுவட்டாரத்துக்கு வெளியே அனுப்பவே இல்லை, குடிக்க ஆசைப்பட்டவர்கள்தான் அங்கே போனார்கள். கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா ஆலை இன்னொரு காரியம் செய்தது. கையால் திருகித் திறக்கும் மூடியை விட்டுவிட்டு ஓப்பனர் போட்டுத் திறக்கும் மூடிக்கு மாறியது, அதன் வழியாக ஆக்ஸிஜன் குறைவாக நுழைகிறது என்பதற்காக. பிறகு கண்டத்தின் மறுபக்கம் வட கரோலினாவில் மில்ஸ் ரிவர் என்ற இடத்தில் இரண்டாவது ஆலையே கட்டியது, ஸ்டோன் வர்ஜீனியாவின் ரிச்மண்டில் கட்டியது. வண்டிச் செலவும் அதில் ஒரு காரணம்தான், ஆனால் கலிஃபோர்னியாவிலிருந்து கிழக்குக் கரைக்கு ஆகும் நாட்களும் அவர்கள் கணக்கில் இருந்தன. ஒரே நாட்டுக்குள் போகும் பயணத்தையே இவ்வளவு அஞ்சுகிறவர்களின் பீரைத்தான், பல கடல் தாண்டி வந்தபின் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் நீங்கள் சிபாரிசு செய்கிறீர்கள்.

இங்கே நீங்கள் ஒரு மறுப்பு சொல்வீர்கள், அது நியாயமான மறுப்புதான். இந்தியா பேல் ஏல் என்பதே கடல் தாண்டி வரக் காய்ச்சிய பீர் இல்லையா, லண்டனிலிருந்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு நான்கு, ஆறு மாதம் பயணம் செய்து சென்னப்பட்டணத்துக்கும் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் நல்லபடியாக வந்து இறங்கியதே, இப்போது மட்டும் என்ன வந்தது என்று. வந்து இறங்கியது உண்மை. லண்டன் கிழக்குப் புறத்தில் போ என்ற இடத்தில் ஆலை வைத்திருந்த ஹாட்ஜ்சன், கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல் தலைவர்களுக்குத் தாராளமாகக் கடன் கொடுத்து இந்த வியாபாரத்தைப் பிடித்தார். 1820களில் பர்ட்டன் நகரத்து ஆல்சாப் உள்ளே புகுந்தார், ஜிப்சம் கலந்த பர்ட்டன் கிணற்று நீர் வெளிறிய பீருக்கு வாகாக அமைந்தது. இந்தியாவுக்கென்றே ஹாட்ஜ்சன் புதிதாகக் கண்டுபிடித்த பீர் அது என்ற கதையை மார்ட்டின் கார்னெல் போன்ற வரலாற்றாசிரியர்கள் ஆவணங்களைக் கொண்டு மறுத்துவிட்டார்கள். இங்கிலாந்தில் ஏற்கெனவே ஆண்டுக்கணக்கில் பீப்பாயில் வைத்துக் குடித்துவந்த வெளிறிய பீர்தான் கப்பலேறியது. அது முதிர்வதற்கென்றே காய்ச்சிய பானம். பீப்பாய் மரத்தில் குடியிருந்த காட்டு ஈஸ்ட் மிச்சச் சர்க்கரையை மெல்ல மெல்லத் தின்று அதை வறட்சியாக்கியது. அந்த ஈஸ்டைத்தான் 1904இல் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் கிளாசன் ஆங்கில ஏல்களில் அடையாளம் கண்டு பிரெட்டனோமைசிஸ் என்று பெயரிட்டார். அந்த பீருக்குக் கப்பல் பயணம் உதவியது.

நாம் இன்று ஐபிஏ என்று குடிப்பதற்கும் அதற்கும் பெயர்தான் பொது. இன்றைய ஐபிஏவின் வம்சம் அமெரிக்க மேற்குக் கரையில் தொடங்குகிறது. காஸ்கேட் ஹாப்ஸ் 1972இல் விவசாயிகள் கைக்கு வந்தது. 1975இல் சான் ஃபிரான்சிஸ்கோவின் ஆங்கர் அதைப் போட்டு லிபர்ட்டி ஏலைக் காய்ச்சியது. 1980இல் சிகோ நகரத்தில் சியரா நெவாடா தன் பேல் ஏலைக் கொண்டுவந்தது. அங்கிருந்து ஒவ்வொரு படியும் மணத்தை நோக்கியே போயிருக்கிறது: டிரை ஹாப்பிங்கைக் கூட்டு, இன்னும் கூட்டு என்று. நியூ இங்கிலாந்து பாணி வந்தபோது கசப்பு ஏறக்குறைய பின்னால் போய் மணமே பீராகிவிட்டது. முதிரக் காய்ச்சிய பழைய பானத்தின் ஆயுளை மணத்துக்காகக் காய்ச்சிய புதுப் பானத்துக்குக் கொடுக்க முடியாது. கப்பல் படம் போட்ட லேபிளைக் காட்டி அந்தப் பழங்கதையைச் சொல்லும்போது, இது எவ்வளவு நாளானாலும் தாங்கும் என்ற எண்ணத்தையும் சேர்த்தே விதைக்கிறீர்கள்.

அடுத்த மறுப்பு இன்னும் கனமானது. புதிய கேன் கிடைக்காத ஊரில் இருப்பவருக்கு இதனால் என்ன பயன், நல்ல பீரே குடிக்காதே என்று சொல்வது போலாகாதா என்பீர்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில், அங்கே ஐபிஏ தேடுவது வீண்வேலை. ஆகவே பயணத்தில் குடிப்பதும் பெட்டியில் வருவதும்தான் பெரும்பாலோருக்கு வழி. இப்படிப்பட்டவர்களுக்காகத்தான் சிபாரிசு செய்கிறவர் தேவைப்படுகிறார். தூரத்தையும் நாளையும் தாங்கும் பீர்கள் ஏராளம், உங்கள் பட்டியல்களில் அவை ஐபிஏக்களின் நிழலில் ஒதுங்கிக் கிடக்கின்றன. பெல்ஜியத்துத் துறவி மடத்தில் காய்ச்சும் ஓர்வால் பீரை எடுங்கள். முன்னே சொன்ன பிரெட்டனோமைசிஸைப் பாட்டிலுக்குள்ளேயே விட்டு அடைக்கிறார்கள். அடைத்த தேதி லேபிளிலேயே இருக்கும். சில மாத பாட்டிலில் ஹாப்ஸ் மேலோங்கியிருக்கும், வருடமானால் வறண்டு தோல் வாசமும் மண் வாசமும் ஏறும். இளம் ஓர்வால், முதிர்ந்த ஓர்வால் என்று அங்கே பிரித்தே கேட்கிறார்கள், இரண்டுக்கும் ரசிகர்கள் உண்டு. பழைய ஐபிஏ பாணி எப்படி இருந்திருக்கும் என்று கற்பனை செய்ய விரும்புகிறவருக்கு இன்றைய ஐபிஏவைவிட இதுவே கிட்டத்தில் இருக்கும் என்பது என் கணிப்பு. அதே நாட்டு ரோஷ்ஃபோர் 10, ஒன்று இரண்டு மூன்று வருடம் முதிர்ந்த லாம்பிக் பீரைக் கலந்து அடைக்கும் பூன், கான்டியோன் குயூஸ் வகைகள், சியரா நெவாடா ஒவ்வொரு வருடமும் வருடம் குறித்து வெளியிடும் பிக்ஃபுட் பார்லிவைன், நார்த் கோஸ்ட்டின் ஓல்ட் ரஸ்புட்டின் இம்பீரியல் ஸ்டவுட் எல்லாம் நாளை அஞ்சாதவை. இலங்கையின் லயன் ஸ்டவுட்டை மறந்துவிடாதீர்கள். பெரிய ஆலையின் சரக்கு என்பதற்காக கிராஃப்ட் பட்டியலில் அதைச் சேர்க்கத் தயங்குகிறார்கள், எனக்கு அந்தத் தயக்கம் இல்லை. வறுத்த மால்ட்டும் சாக்லெட் கசப்பும் எட்டு சதவீதத்துக்கு மேலான ஆல்கஹாலும் சேர்ந்த அது வெப்ப நாட்டின் அலமாரியில் கண்ணியமாக நிற்கும். மைக்கேல் ஜாக்சன் என்ற ஆங்கில பீர் எழுத்தாளர் தன் புத்தகங்களில் அதைப் புகழ்ந்த பிறகுதான் வெளியுலகம் கவனித்தது. அக்கம்பக்கத்து நாட்டில் காய்ச்சியது இது, ஆறு மாதப் பழைய இறக்குமதி டபுள் ஐபிஏவுக்குப் பதில் இதைச் சொன்னால் கேட்டவர் உங்களை வாழ்த்துவார்.

ஐபிஏதான் வேண்டும் என்பவருக்கு, டேப்பில் குடிக்கச் சொல்லுங்கள், காய்ச்சிய இடத்திலேயே குடிக்கச் சொல்லுங்கள். 2009இல் புனேயில் டூலாலியும் 2010இல் பெங்களூரு இந்திராநகரில் டாய்ட்டும் தம் இடத்திலேயே பீர் காய்ச்சத் தொடங்கியபின் நம் நாட்டில் இந்த வாய்ப்பு பெருகியிருக்கிறது. 2012இல் பெங்களூருக்கு வந்த ஆர்பர் தன் ரேஜிங் எலிஃபன்ட் ஐபிஏவால் இந்தியாவில் பீர் குடிப்பவர் கசப்பை ஏற்கமாட்டார் என்ற பேச்சைப் பொய்யாக்கியது. அப்படிப்பட்ட இடத்தில் தொட்டிக்கும் குவளைக்கும் நடுவே சில மீட்டர் குழாய்தான். உலகத் தரவரிசையில் அந்த பீருக்கு இடமில்லாமல் இருக்கலாம். ஆனாலும் மூன்று வாரத்து நடுத்தர ஐபிஏ, எட்டு மாதத்து மகா ஐபிஏவை மூக்கிலேயே தோற்கடிக்கும். வெளிநாடு போகிறவருக்கும் இதே விதிதான். மிச்சிகன் பக்கம் போனால் பெல்ஸின் டூ ஹார்ட்டட், கலிஃபோர்னியாவில் பிளைனி, வெர்மான்ட்டில் ஹெடி டாப்பர், இங்கிலாந்தின் டார்பிஷயரில் தார்ன்பிரிட்ஜின் ஜெய்ப்பூர், அதையும் முடிந்தால் பீப்பாயிலிருந்து கைப்பம்பில் இழுத்தது என்று ஊரோடு சேர்த்துச் சொல்லுங்கள். ஓரளவு தூரம் போனாலும் முகம் கொடுக்கும் ஹாப்ஸ் பீர் ஒன்று வேண்டுமென்றால் சியரா நெவாடா பேல் ஏல். பாட்டிலுக்குள்ளும் ஈஸ்ட் உயிரோடு இருந்து ஆக்ஸிஜனைக் கொஞ்சம் உண்டுவிடுவதால் அது மற்றதைவிடப் பொறுமையானது.

ருசி அவரவர் நாக்கைப் பொறுத்தது, இதில் சரி தவறு ஏது என்று சிலர் சொல்வது காதில் விழுகிறது. பழைய ஐபிஏவின் தித்திப்பு ஒருவருக்குப் பிடித்திருந்தால் நான் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் பிளைனி உங்களுக்குப் பிடிக்கும், எனக்குப் பிடிக்காது என்று பேசிக்கொள்வதற்கு முன் நாம் இருவரும் ஒரே பானத்தைக் குடித்திருக்க வேண்டும். நீங்கள் ஆலை வாசலில் குடித்ததையும் நான் ஐந்து மாதம் கழித்துக் குடித்ததையும் ஒரே பெயரில் வைத்துப் பேசினால் அது ருசி வேறுபாடு ஆகாது. இன்னொரு குறை: பட்டியல்களில் ஆல்கஹால் அளவை ஒரு பெருமை எண்ணாகப் போடுகிறீர்கள். 9 சதவீத டபுள் ஐபிஏ 355 மில்லி கேன் ஒன்றில் ஏறத்தாழ 32 மில்லி சுத்த ஆல்கஹால் இருக்கிறது. 5 சதவீத லேகர் 650 மில்லி பாட்டில் முழுதிலும் இருப்பது அதே அளவு. பழ வாசத்தில் அந்தக் காரம் தெரியாது. முதல்முறை குடிப்பவர் சின்ன கேன்தானே என்று மூன்று எடுத்தால் மூன்று பெரிய பாட்டில் குடித்தவர் ஆகிறார். சிபாரிசில் இது எச்சரிக்கையாக இருக்க வேண்டிய எண். வண்டி ஓட்டிவந்தவருக்கு இந்த பீரைச் சிபாரிசு செய்யவே வேண்டாம்.

தேதி எங்கே இருக்கிறது, யார் தேடுவது என்ற அலுப்புக்கும் பதில் உண்டு. கேனின் அடியில், புள்ளி புள்ளியாகக் கறுப்பு மையில் இருக்கும். பாட்டிலானால் கழுத்திலோ லேபிளின் ஓரத்திலோ. நம் நாட்டுச் சரக்கில் தயாரித்த மாதம் லேபிளிலேயே இருக்கும். வெளிநாட்டு கேனில் இரண்டு இடத்தில் ஏமாறலாம். அமெரிக்கர்கள் மாதத்தை முதலில் எழுதுவார்கள், 04/06 என்பது அங்கே ஏப்ரல் 6, நம் வழக்கில் ஜூன் 4. ஐபிஏவுக்கு இந்த இரண்டு மாத வித்தியாசம் ஒரு ஆயுள். சில ஆலைகள் வருடத்தின் எத்தனையாவது நாள் என்று மூன்று இலக்கத்தில் போடுகின்றன, 152 என்றிருந்தால் ஜூன் முதல் தேதி. ‘இதற்கு முன் குடிக்கவும்’ என்று மட்டும் ஒரு வருடம் தள்ளிய தேதி போட்டிருந்தால் அது அடைத்த நாளைச் சொல்லவில்லை, ஏற்றுமதி செய்பவரின் வசதியைச் சொல்கிறது. இந்த நான்கைந்து விஷயத்தை ஒருமுறை எழுதிவிட்டால் பிறகு பட்டியலுக்குப் பட்டியல் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆகவே நண்பர்களே, என் வேண்டுகோள் இது. இனி நீங்கள் தரும் எந்தப் பட்டியலிலும் பெயருக்குப் பக்கத்தில், அடைத்ததிலிருந்து எத்தனை வாரத்துக்குள் குடிப்பது என்று எழுதுங்கள். நியூ இங்கிலாந்து பாணிக்கு நாலைந்து வாரம், மேற்குக் கரை ஐபிஏவுக்கு இரண்டு, அதிகம் போனால் மூன்று மாதம், அதுவும் குளிரிலேயே இருந்திருந்தால், என்ற அளவில் எழுதினால் போதும். நீங்கள் குடித்தபோது அது எத்தனை நாள் பழசாக இருந்தது, டேப்பிலா கேனிலா, எந்த ஊரில் என்பதையும் சேருங்கள். கேட்பவர் எந்த ஊரில் இருக்கிறார் என்று விசாரிக்காமல் பெயர் சொல்லாதீர்கள். அவர் ஊரில் புதிதாகக் கிடைக்காது என்று தெரிந்தால், ஐபிஏவைத் தள்ளிவைத்துவிட்டு ஓர்வாலையோ லயன் ஸ்டவுட்டையோ சொல்லுங்கள். கடையில் தேதி கேட்கச் சொல்லுங்கள், பழசு என்றால் வாங்காமல் திரும்பச் சொல்லுங்கள், கேன்களைக் குளிருக்கு வெளியே அடுக்குவது ஏன் என்று கடைக்காரரைக் கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் ஏற்கெனவே எழுதிப் பரப்பிய பட்டியல்கள் பலர் கையில் இருக்கின்றன. அவற்றையும் எடுத்து, ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் வாரக் கணக்கைப் போட்டு, வாங்கியவர்களுக்கே மறுபடி அனுப்புங்கள்.